டெண்டரிலேயே கேளுங்கள், சார்ஜ் எப்படி ஒப்படைப்பீர்கள் என்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில், எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களின் குடிநீர்க் குழாய்ப் பராமரிப்புக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பு வந்திருந்தது. பொடி எழுத்து. முன்வைப்புத் தொகை, கடைசித் தேதி, டெண்டருக்கு முந்தைய கூட்டம் நடக்கும் நாள் எல்லாம் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. காண்ட்ராக்டர் மாறும்போது பழையவர் புதியவரிடம் சார்ஜ், அதாவது பொறுப்பு, எப்படி ஒப்படைக்கிறார் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சாயல்குடிப் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் 14 வருடம் பம்ப் ஆபரேட்டராக இருந்து 2024இல் வேலையை விட்டு இறங்கியவன். அரசு வேலை இல்லை, காண்ட்ராக்ட் வேலை. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீர் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டி எங்கள் ராமநாதபுரம் சீமைக்கு வரத் தொடங்கிய சமயம், 2010இல் சேர்ந்தேன். அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பியவர்கள். என் தாயாரும் அப்படித்தான். குழாயில் நல்ல தண்ணீர் வந்த முதல் நாள் அவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த 14 வருடத்தில் நான்கு காண்ட்ராக்டர்களைப் பார்த்தேன். குழாய் அதே குழாய், மோட்டார் அதே மோட்டார், ஆபரேட்டரும் அதே ஆள். சம்பளம் கொடுக்கிற கைதான் மாறும். 2013, 2016, 2019 என்று மூன்று முறை மாறியது. 2019இல் நடந்ததைச் சொல்கிறேன்.

மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. பழைய காண்ட்ராக்ட் அன்று ராத்திரியோடு முடிகிறது. சாயங்காலம் ஒரு குட்டியானை வண்டி வந்து பம்ப் ஹவுஸ் வாசலில் நின்றது. உபரி மோட்டார், செயின் பிளாக், பெரிய ஸ்பேனர்கள், வால்வு திருப்பும் சாவிக் கம்பி, குளோரின் பார்க்கும் பெட்டி எல்லாம் ஏறின. கடைசியாக மூன்று வருடத்து லாக் புத்தகங்களும் ஏறின. "அண்ணே, அது நம்ம ஊர்க் கணக்கு, அதை வச்சிட்டுப் போங்க" என்றேன். "எங்க கம்பெனி பேரு போட்ட புக்கு, ஆபீஸ்ல கேப்பாங்க" என்றார் சூப்பர்வைசர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எது அரசுடையது, எது கம்பெனியுடையது என்று ஒரு பட்டியல் எந்தக் காலத்திலும் எழுதப்படவில்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து பாதி பில் வரவேண்டியிருந்தது. டெண்டரில் தோற்ற கம்பெனி, அடுத்து வருகிறவனுக்கு எதற்காக உதவ வேண்டும்?

புது ஆட்கள் ஏப்ரல் 6ஆம் தேதிதான் வந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் சமயம், அதிகாரிகளுக்குத் தேர்தல் வேலை தலைக்கு மேல். நடுவில் அந்த ஐந்து நாளும் நான் யாருடைய ஆளும் இல்லை. ஆனாலும் மோட்டார் போட்டேன். போடாமல் எப்படி இருப்பது? தெருவில் எல்லோரும் அக்கா, தங்கச்சி, மைனி என்று பழகுகிற ஊர். பிறகு புது சூப்பர்வைசர் வந்து, "பொறுப்பு இனிமே எங்களோடது. பழைய ஆளுங்கள எடுக்கிறதப் பத்தி அப்புறம் சொல்றோம்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது, எந்த வால்வு எங்கே, எத்தனை சுற்று என்று எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள் என்றேன். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அறுபது பக்க நோட்டு அது.

மறுநாள் புது ஆபரேட்டர், மேற்கு மாவட்டத்துப் பையன், மெயின் வால்வை ஒரே மூச்சில் முழுசாகத் திறந்துவிட்டான். லைன் காலியாகக் கிடந்தது. காலிக் குழாயில் காற்று நிறைந்திருக்கும். கால் பாகம் திறந்து, ஏர் வால்வு சீறி அடங்கும் வரை காத்திருந்து, பிறகுதான் மீதியைத் திறக்க வேண்டும். அவன் ஊரில் சின்ன லைனாக இருந்திருக்கும், அங்கே அது பழுதில்லை. இங்கே தண்ணீர் போன வேகத்தில் பாலத்தடிப் பள்ளத்தில் ஜாயிண்ட் வாய் பிளந்தது.

அதை அடைக்கப் பக்கத்து வால்வை மூட வேண்டும். அந்த வால்வு எங்கே? எங்கள் கடற்கரையில் ஆடிக் காற்று ஒரு முறை அடித்தால் சேம்பர் மூடியே தெரியாமல் மணல் ஏறிவிடும். அந்த வால்வு மூன்றாவது பனைக்கும் நான்காவது பனைக்கும் நடுவில், ரோட்டிலிருந்து 11 அடி தள்ளி இருக்கிறது. இது வரைபடத்தில் கிடையாது. ஜேசிபி வைத்து இரண்டு நாள் தோண்டினார்கள், தோண்டின இடத்தில் இன்னொரு கிளைக் குழாயும் அறுந்தது. கடைசியில் வால்வைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் லைனில் அது ஒன்று மட்டும் இடப்பக்கம் திருப்பினால் மூடும், மற்றதெல்லாம் வலப்பக்கம். அதுவும் யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து பலம் கொண்ட மட்டும் வலப்பக்கமாக இறுக்கியதில் தண்டு முறிந்தது.

பதினொரு நாள் ஊருக்குத் தண்ணீர் இல்லை. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. வீட்டில் காசு புழங்காத நாள் அது. அந்த நாளில் குடம் பத்து ரூபாய் கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினார்கள். நாலு குடம், ஆறு குடம் அடுக்கிய தள்ளுவண்டியை வெயிலில் மூன்று கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் என்னைப் பார்த்து, "ஏன் மாமா, ஒங்களுக்குத் தெரியாதா அந்த வால்வு எங்க இருக்குன்னு?" என்று கேட்டாள். தெரியும். கேட்டால் சொல்லியிருப்பேன். மூன்றாம் நாளே நான் போய் நின்றேன், "உள்ளே விட உத்தரவு இல்லை" என்றார்கள். 16ஆம் தேதி அவர்களே கூப்பிட்டார்கள். 18ஆம் தேதி, ஓட்டுப் போட்ட அன்று சாயங்காலம் தண்ணீர் வந்தது.

இதற்கு நேர் எதிராக 2013இல் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அப்போது வந்த கம்பெனியின் மேனேஜர் வயதானவர், வெள்ளைச் சட்டை, கையில் குடை. பணி ஆணைப்படி அவர் ஏப்ரல் 1ஆம் தேதி வந்தால் போதும். மார்ச் 20ஆம் தேதியே வந்துவிட்டார். முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்த லைன்ல ஒங்களுக்கு எது பயம்?" அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பாலத்தடி ஜாயிண்ட்தான் பயம் என்றேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு என்னையும் பழைய சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஒன்பது கிலோமீட்டர் லைனை நான்கு காலையில் நடந்து முடித்தோம். ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு கல் நட்டு, சிவப்புப் பெயிண்டில் நம்பரும், மூட எத்தனை சுற்று என்பதும், எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் அம்புக்குறியும் போட்டார். உப்புக் காற்றில் போல்ட் இறுகியிருந்த இடங்களில் கிரீஸ் வைத்து, ஒரு முறை மூடித் திறந்து பார்த்தார். மிச்ச நாளில், நாங்கள் மோட்டார் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள் அவருடைய ஆட்கள். பிறகு அவர்கள் போட்டார்கள், நாங்கள் பார்த்தோம். 31ஆம் தேதி மின் மீட்டர் ரீடிங், புளோ மீட்டர் ரீடிங், ஸ்பேனர் முதல் பல்பு வரை பட்டியல் எல்லாம் எழுதி, பழையவர், புதியவர், பொறியாளர் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி காண்ட்ராக்டர் மாறியது ஊருக்குத் தெரியவே இல்லை. அந்த நோட்டை நான் எழுத ஆரம்பித்ததும் அவர் சொல்லித்தான்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் செலவு அவர் கைக்காசு. 2016 டெண்டரில் அவர் கம்பெனி தோற்றது. விலை கூட என்றார்கள்.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். எங்கள் மாநிலத்தில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. டெண்டர் ஆவணத்தில் என்ன அளவுகோல் எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும், அதில் குறைந்த விலைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நல்ல சட்டம், அதில் குறை இல்லை. ஆனால் ஆவணம் கேட்காத ஒன்றுக்கு எந்தக் காண்ட்ராக்டராவது விலை போடுவாரா? முப்பது நாள் முன்னதாக ஆள் இறக்குகிறேன், லைனை நடந்து பார்க்கிறேன் என்று செலவைச் சேர்க்கிற ஆள் எல்-ஒன், அதாவது குறைந்த விலைக்காரர், ஆக மாட்டார். சேர்க்காத ஆள் ஜெயிப்பார், ஏப்ரல் 6ஆம் தேதி வருவார். நல்லவரைத் தோற்கடிப்பது அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்ட இடம்.

என் மகள் சென்னையில் ஒரு கம்பெனியில், அமெரிக்க அரசு வேலைகளுக்கான முன்மொழிவு எழுதும் பிரிவில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது இந்தப் பதினொரு நாள் கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பா, எங்க முன்மொழிவுல இதுக்குன்னே ஒரு பகுதி எழுதுவோம்" என்றாள். வேலை கிடைத்தால் முதல் நாள் யார் வருவார், பத்தாம் நாள் எது முடிந்திருக்கும், பழைய ஆட்களில் யார் யாரை எப்படிப் பேசி எடுப்போம், சாமான் கணக்கை யாரோடு சேர்ந்து பார்ப்போம், எது தவறினால் என்ன செய்வோம் என்று வாரவாரியாக எழுத வேண்டுமாம். காண்ட்ராக்ட் முடியும்போது அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்போம் என்பதையும் சேர்த்தே எழுதுவார்களாம். உள்ளே வரும் அன்றைக்கே வெளியே போகும் வழியையும் எழுதி வைப்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அந்த நாட்டு மத்திய அரசின் கொள்முதல் விதிகளில் 'சேவைத் தொடர்ச்சி' என்று ஒரு ஷரத்து இருக்கிறது. மகள் செல்போனில் வைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள். அரசு எழுத்தில் கேட்டால், காண்ட்ராக்ட் முடிந்த பிறகும் 90 நாள் வரை பழைய காண்ட்ராக்டர் கைமாற்றத்துக்கு உதவ வேண்டும். புதியவரோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். வேலை தெரிந்த ஆட்களை முடிந்த மட்டும் அங்கேயே இருக்க விட வேண்டும். புதியவர் அவர்களை நேரில் பார்த்துப் பேச இடம் கொடுக்க வேண்டும். ஆட்கள் சம்மதித்தால், அவர்கள் சேர்த்து வைத்த பலன்களைப் புதியவரிடம் மாற்றுவது பற்றியும் பேசி முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் பழையவருக்கு ஆகும் நியாயமான செலவையும், அதற்கு உரிய விகிதத்தில் லாபத்தையும் அரசு கொடுத்துவிடுகிறது. இந்தக் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். தோற்ற கம்பெனி எதற்காக உதவ வேண்டும் என்று மேலே கேட்டேனே, அதற்கு அவர்கள் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இது ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம், நமக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்ல வேண்டாம். நம் நாட்டிலேயே அரசுக் கணினி வேலைகளுக்கான மாதிரி டெண்டர் ஆவணத்தில், வெளியேறும்போது எப்படி ஒப்படைப்பது என்று தனி அட்டவணை இருக்கிறதாம். கம்ப்யூட்டருக்கு உண்டு, குடிதண்ணீருக்கு இல்லையா? அதை விடுங்கள், நம் ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் மாறுதலில் போகும்போது சார்ஜ் கொடுக்காமல் போக முடியுமா? பெஞ்சு எத்தனை, உலக உருண்டை எத்தனை என்று இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எண்ணிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பஸ் ஏறுகிறார். பல ஊர்ச் சனங்கள் குடிக்கிற தண்ணீருக்கு அந்தச் சார்ஜ் லிஸ்ட் கிடையாது.

உங்கள் நாளிதழில் அறிவிப்பு வந்த அந்த டெண்டரின் ஆவணத்தை மகளைக் கொண்டு இறக்கிப் பார்த்தேன். ஒப்படைப்பைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான். ஒப்பந்தம் முடிந்ததும் நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான். யாரிடம், எத்தனை நாளில், எதையெல்லாம், யார் பார்த்து, என்பது இல்லை.

டெண்டருக்கு முந்தைய கூட்டம் இன்னும் நடக்கவில்லை. ஆவணத்தைத் திருத்த இப்போது நேரம் இருக்கிறது. விலை உறைக்குத் தனியாக, வேலையை எப்படிச் செய்வோம் என்று எழுதிக் கொடுக்கும் தொழில்நுட்ப உறையில், எப்படிப் பொறுப்பு ஏற்பீர்கள், எப்படி ஒப்படைப்பீர்கள் என்று நான்கு பக்கமாவது எழுதிக் கேளுங்கள். "சுமுகமாக ஒப்படைப்போம்" என்று எழுதுகிறவரை நம்ப வேண்டாம், நாள் வாரியாக எழுதுகிறவரைப் பாருங்கள். விலை உறையில் முப்பது நாள் சேர்ந்து வேலை பார்ப்பதற்கு ஒரு தனி இனம் போடுங்கள். எல்லோரும் அதற்கு விலை சொல்லட்டும், அப்போது செய்ய நினைக்கிறவர் தோற்க மாட்டார். மிச்சப் பில்லும் பாதுகாப்பு வைப்புத் தொகையில் ஒரு பங்கும், மூவர் கையெழுத்துப் போட்ட சார்ஜ் லிஸ்ட் வந்த பிறகே விடுவிக்கப்படும் என்று எழுதுங்கள். அதே சமயம், அந்த லிஸ்ட் வந்துவிட்டால் இத்தனை நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிடுவோம் என்று அரசும் தன் பக்கம் எழுத வேண்டும். பில்லுக்கு அலைய வைத்துவிட்டு ஸ்பேனரைக் கொடு என்றால் யார் கொடுப்பார்? லாக் புத்தகம், வரைபடம், வால்வுக் கணக்கு மூன்றும் அரசுச் சொத்து என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று, மாற்றும் மாதம். மார்ச் 31 என்பது கணக்குப் புத்தகத்துக்கு வசதி, எங்கள் கடற்கரைக்கு அதைவிடக் கெட்ட நாள் இல்லை. வெயில் ஏறுகிறது, ஊருணி வற்றுகிறது, தண்ணீர்த் தேவை கூடுகிறது, இரண்டு வாரத்தில் தடைக்காலமும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையும் வேண்டாம், புயல் மழைக் காலம். தை மாதத்தில் மாற்றுங்கள். மழை ஓய்ந்திருக்கும், ஊருணியில் தண்ணீர் கிடக்கும், பாதை காய்ந்திருக்கும், நடந்து வால்வு பார்க்கலாம். புது ஆள் கை பழகுவதற்கு இரண்டு மாதம் கிடைக்கும். ஒரு தப்பு நடந்தாலும் ஊர் தாங்கும்.

உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் பக்கத்து ஊர் ஆர்.ஓ. பிளாண்ட் கதையும் இதேதான். பழையவர் போய்ப் புதியவர் வருவதற்குள் ஒரு மாதம் சும்மா கிடந்தது. அதில் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேன் சும்மா கிடக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் அலசிவிட்டு, கெடாமல் இருக்க மருந்துக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். யாருடைய பொறுப்பிலும் இல்லாத மாதத்தில் யார் ஊற வைப்பார்? பாசி பிடித்து எல்லாமே போயிற்று. புது மெம்பரேனுக்குப் பணம் ஒதுக்கி வாங்கும் வரை அந்த ஊரும் தள்ளுவண்டிதான்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த வால்வுமேன் ஒருவருக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒரு புது பி.எஃப். கணக்குத் தொடங்கியது. பழைய கம்பெனி விலகிய தேதியைப் பதியவில்லை, இன்னொரு கம்பெனி இனிஷியலை மாற்றிப் போட்டது. 1995ஆம் வருடத்து ஓய்வூதியத் திட்டத்தில் மாதப் பென்ஷன் வேண்டுமானால் பத்து வருடப் பங்களிப்பு காட்ட வேண்டும். அவர் உழைத்தது 13 வருடம், கணக்குகள் ஒன்று சேராமல் எட்டு வருடம்தான் தேறுகிறது. இன்றைக்கும் ஒரு மஞ்சள் பையில் காகிதங்களை வைத்துக்கொண்டு அலைகிறார். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டவர் கொடுக்க வேண்டும் என்று 1970இலேயே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் காண்ட்ராக்டர் ஊரைவிட்டுப் போன பிறகு காகிதம் தேடுவது பெரும்பாடு. சார்ஜ் லிஸ்டில் மோட்டாருக்கும் ஸ்பேனருக்கும் அடுத்து இன்னொரு தாள் இருக்கட்டும்: ஆள் பெயர், சேர்ந்த தேதி, பி.எஃப். எண், சம்பள பாக்கி. அதில் அந்த ஆளும் கையெழுத்துப் போடட்டும்.

என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போதும் அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொந்தரவு வரக் கூடாது. ஆனால் அந்த அறுபது பக்க நோட்டு என் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது. டெண்டர் யாருக்குக் கிடைத்தாலும் சரி, அவர்கள் ஆளை அனுப்பட்டும். காலை ஆறு மணிக்குப் பாலத்தடியிலிருந்து ஆரம்பிக்கலாம். முழங்கால் வலி இருக்கிறது, நான்கு காலைக்குப் பதிலாக ஆறு காலை ஆகும். மூன்றாவது பனை போன வருடக் காற்றில் விழுந்துவிட்டது. அந்த இடத்தை நான் நேரில் நின்றுதான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் பம்ப் ஆபரேட்டர்,
கடலாடி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.